‘ஓடுது’ என்று எழுதும் வேலை

என் மச்சானும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மாதம் ஒருமுறையாவது நாலு பேர் படிக்கும்படி கடிதம் எழுதிக்கொள்வோம். அவன் “மதிப்புக்குரிய பயனர்களுக்கு” என்று ஆரம்பிப்பான். நான் “பராமரிப்பாளர் அவர்களுக்கு” என்று பதில் போடுவேன். தெருவில் அவன் எதிரே வந்தால் நான் அந்தப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவேன். ஒருமுறை அவனும் அதே நேரத்தில் மாறித் தொலைத்ததால் மறுபடி நேருக்கு நேர் வந்துவிட்டோம். இருவரும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தோம். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

எனக்கு போர்டு கடை. பெயர்ப்பலகை, கதவு எண், ‘தள்ளவும்’, ‘இழுக்கவும்’, ‘வண்டி நிறுத்தாதீர்’ எல்லாம் செய்வேன். ஸ்டிக்கர் ஷீட்டில் எழுத்துகளை வெட்டித் தருவது ஒரு கட்டிங் மெஷின். அது யார் சொன்னாலும் கேட்காது. மேஜைக்கடியில் இருக்கும் சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும் கேட்கும். அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. உலகம் முழுக்க எல்லாரும் வைத்திருக்கும் எந்த வகையிலும் அது சேராது. வைத்திருக்கிற கொஞ்சம் பேர் அதைச் சாம்பல் பெட்டி என்போம். புதுசு வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு. வாங்கித் தருவதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

சாம்பல் பெட்டியில் பென் டிரைவ் செருக ஓட்டையே கிடையாது. உள்ளே எது வருவதானாலும், வெளியே எது போவதானாலும், இன்டர்நெட் வயர் வழியாக, பிரவுசர் என்ற ஒரே வாசலில்தான் போய்வர வேண்டும். அந்த வாசலை மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் தலைவலி. நேற்று வரை சிரித்துப் பேசிய பேங்க், இன்று காலையில் ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று வெளியே நிறுத்திவிடும். கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் எந்த இணையதளமும் மதிக்காது. வாடிக்கையாளர் அனுப்பும் படம் வராது. படம் வராவிட்டால் வெட்ட ஒன்றுமில்லை. வெட்ட ஒன்றுமில்லாவிட்டால் நானும் என் மனைவியும் கடையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகிவிட்டதால் அதுவும் சரிப்படாது.

பிரவுசரைச் செய்கிறவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள். குழுவில் அந்த இடத்தைத் தாய்வீடு என்று சொல்லுவோம். எல்லாரும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றபடி அவர்கள் புதுப் பதிப்பு விடுவார்கள். எங்கள் பெட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மூலையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, யாராவது செய்துகொள்வதென்றால் செய்துகொள்ளுங்கள் என்று விட்டிருந்தார்கள். அந்த ‘யாராவது’ என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பகலில் குடிநீர் வாரியத்தில் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். மிச்ச நேரத்தில், பெரிய ஆளுக்குத் தைத்த சட்டையைப் பிரித்து எங்கள் பெட்டிக்கு அளவெடுத்து மறுபடி தைக்கிறான். இவன் கடைசிப் பட்டனைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் அடுத்த சட்டையை வெளியே விட்டுவிடுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. நன்றியும் அநேகமாகக் கிடையாது. குழுவில் நான் இருக்கிறேன் அல்லவா.

குழு என்றால் சாம்பல் பெட்டிக்காரர்களின் மெயில் குழு. பல் டாக்டர் ஒருவர், எக்ஸ்ரே படங்களை அதில் வைத்திருக்கிறார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், எதற்காக வைத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் யாரையும் தொடவிட மாட்டார். இன்னும் பலர் வாயே திறப்பதில்லை. எல்லாருக்கும் புனைபெயர் உண்டு. நான் ‘ஸ்டிக்கர்கடை’. பராமரிப்பாளரும் ஸ்டிக்கர்கடையும் மச்சான் முறை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பதிப்பு வந்தால் யாரும் தொட மாட்டார்கள். நான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ஓடுது’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவேன். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் போடுவார்கள். முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பதிப்பை நம்பிப் போட்டு, பல் டாக்டர் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி மதியம் வரை உட்கார வைத்துவிட்டாராம். அதிலிருந்து இப்படி ஆகிவிட்டது. என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், என் பிழைப்பே அந்தப் பெட்டியில் இருக்கிறது. இரண்டாவது, எனக்கு எதையும் பாராட்டி வழக்கமில்லை. ஸ்டிக்கர்கடையே ‘ஓடுது’ என்று சொல்லிவிட்டால் நிச்சயம் ஓடும் என்று கப்பல்காரர் ஒருமுறை எழுதினார். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

மச்சானுக்கும் எனக்கும் என்ன தகராறு என்று கேட்பீர்கள். அவன் புது வீடு கட்டிக் குடிபோனபோது, வாசலில் மாட்ட வீட்டுப் பெயர் போட்ட போர்டு ஒன்றை நானே என் கையால் செய்து எடுத்துப்போனேன். வந்திருந்தவர்கள் வாயாரப் பாராட்டினார்கள். இவன் உள்ளே போய் ஒரு ஸ்கேல் எடுத்துவந்தான். போர்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசி எழுத்து ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது என்றான். விருந்தாளிகள் முன்னால். கிண்டலாகச் சொல்லவில்லை, அவனுக்குக் கிண்டல் வராது. கண்ணில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். நாலு பேருக்கு நடுவில் போர்டுக் கடைக்காரனிடம் அதைச் சொல்லலாமா? இனி உன் வீட்டு வாசல்படி மிதித்தால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவாமல் எழுந்து வந்துவிட்டேன். சாப்பாடு அப்போதுதான் பாதியாகியிருந்தது. அதுவும் சேர்ந்து கோபம்.

என் மனைவிக்கு இது பழகிவிட்டது. தம்பியிடம் போனில் பேசுவாள், போய்ப் பார்த்துவிட்டு வருவாள், என்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். எப்போதாவது பொறுக்காமல் போனால் மட்டும், “ஊரே படிக்கற மாதிரி லெட்டர் போட்டுக்கத் தெரியுது, ஒரு மேஜைல உக்காந்து சாப்பிடத் தெரியல” என்பாள். நான் பெட்டியில் வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்வேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தாய்வீட்டிலிருந்து அறிவிப்பு வந்தது. மச்சான் அதை அப்படியே குழுவில் போட்டிருந்தான். மரியாதையான கடிதம். கடந்த ஓராண்டில் உங்கள் வகைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒருவர்கூட எங்கள் பிரவுசரைப் பயன்படுத்தியதாகக் கணக்கில் இல்லை. ஆளில்லாத இடத்தை வைத்துக்கொண்டிருப்பது எங்களுக்குச் சிரமம். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உங்கள் மூலையை எடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். இதுவரை உழைத்ததற்கு நன்றி. மூலை போய்விட்டால் வெளியே இருந்துகொண்டு தைக்க ஒருவனால் முடியாது என்று மச்சான் கீழே ஒரு வரி சேர்த்திருந்தான். அவன் முடியாது என்று எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குழு கொதித்துப்போனது. வாயே திறக்காதவர்கள் எல்லாம் நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று எழுதினார்கள். தாய்வீட்டுக் கணக்கில் மட்டும் யாரும் இல்லை. காரணத்தை மச்சானே கண்டுபிடித்து, அவன் வழக்கப்படி ஒளிக்காமல் எழுதினான்.

விஷயம் இதுதான். ஒன்றரை வருடம் முன்பு, புதுப் பதிப்பைப் போட்டும்கூட பேங்க் என்னை உள்ளே விடவில்லை. சாம்பல் பெட்டி என்ற பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தியது. பராமரிப்பாளர் தூங்குகிறாரா என்று நான் காரமாக எழுதினேன். அடுத்த பதிப்பில் மச்சான் பிரவுசருக்கு ஒரு வேஷம் போட்டுவிட்டான். எந்தத் தளத்துக்குப் போனாலும், நான் எல்லாரும் வைத்திருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் என்று அது சொல்லிக்கொள்ளும். பேங்க் சிரித்துக்கொண்டே திறந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பிரவுசர் தினமும் தாய்வீட்டில் போய் விசாரிக்குமே, அங்கேயும் அதே வேஷத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பெற்ற வீட்டிலேயே வேறு ஆள் என்று சொல்லி நுழைந்து, வேறு ஆளாகவே திரும்பி வந்திருக்கிறது. அவர்கள் எங்களை எப்படி எண்ணுவார்கள்? நான் கேட்டது பேங்குக்கு மட்டும்தான். எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிறவனிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

பரிகாரம் சுலபம்தான். தாய்வீட்டில் மட்டும் உண்மைப் பெயரைச் சொல்லும்படி மாற்றி, புதுப் பதிப்பு விட்டான். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் அதைப் போட்டு ஒருமுறை திறந்தால் போதும், கணக்கில் வந்துவிடுவோம். பராமரிப்பாளர் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தான். ஒருவரும் போடவில்லை. எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: ஸ்டிக்கர்கடை என்ன சொல்கிறார்?

ஸ்டிக்கர்கடை அப்போது ஒரு பெரிய ஆர்டரின் நடுவில் இருந்தார். ஒரு ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு எல்லாக் கதவுக்கும் போர்டு. அவர்கள் தங்கள் தளத்தில் படம் போடுவார்கள், நான் இறக்கி, வெட்டி, மாதிரியை ஏற்றி ஒப்புதல் வாங்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் புதுப் பதிப்பைப் போட்டேன். திறந்தது. பேங்க் உள்ளே விட்டது. ஆஸ்பத்திரி தளம் வந்தது. ‘ஓடுது’ என்று எழுத கை பரபரத்தது. வழக்கப்படி ஒரு படத்தை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று ‘பிரசவ அறை’யை அழுத்தினேன். படம் இறங்குவதைக் காட்டும் கோடு முழுசாக ஓடி முடிந்தது. பெட்டி கர் என்று ஒரு சத்தம் போட்டது. அதோடு நின்றுவிட்டது. மௌஸ் நகரவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டு மறுபடி முயன்றேன். ‘பிரசவ அறை’யும் ‘பிணவறை’யும் ஒரே மாதிரிதான் நின்றன.

பழைய பதிப்புக்குத் திரும்பிப் போய்விட எனக்குத் தெரியும். என் ஆர்டருக்கு ஆபத்தில்லை. ஆகவே நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தேன். ‘ஓடுது’ என்று எழுதிவிட்டால் என்ன? எல்லாரும் நம்பிப் போடுவார்கள். திறந்த நிமிடமே கணக்கில் வந்துவிடுவார்கள். மூலை பிழைக்கும், கடை பிழைக்கும். பெட்டி நின்றுபோனால் சுவிட்சை அணைத்துப் போட்டுக்கொள்ளட்டும், கை இல்லையா. ‘ஓ’ என்று தட்டினேன். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி யாரோ உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. எனக்கு அந்த நோயாளியைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஊரில் என் பேச்சை நம்புகிற இடம் அது ஒன்றுதான். என் வீட்டில்கூட இரண்டாவது தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். ‘ஓ’வை அழித்துவிட்டு, பழைய பதிப்பிலிருந்து எழுதினேன்: “பராமரிப்பாளர் அவர்களுக்கு. ஓடவில்லை. படம் இறக்கினால் பெட்டி நின்றுவிடுகிறது.”

அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் அந்தப் பதிப்பைத் தொடவில்லை.

என் மனைவி முன்பக்கக் கவுன்ட்டரில் உட்கார்ந்து செல்போனில் அதைப் படித்துவிட்டாள். எழுந்து உள்ளே வந்தாள். “உள்ளது உள்ளபடி எழுதறதுன்னா உங்களுக்கு என் தம்பி விஷயத்துல மட்டும்தான் வருது” என்றாள். நான் சொன்னது பொய்யா என்று கேட்டேன். பொய் என்று யார் சொன்னது என்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே கத்தரிக்கோலால் ஸ்டிக்கர் ஓரங்களை வெட்ட ஆரம்பித்தாள். வெட்டத் தேவையில்லாத ஓரங்களையும் வெட்டினாள்.

செவ்வாயும் புதனும் கடிதப் போக்குவரத்திலேயே போனது. எந்தப் படம், எவ்வளவு பெரிய படம் என்று அவன் கேட்பான். நான் பதில் எழுதுவேன். தன்னிடம் அப்படி நிற்கவில்லை, தயவுசெய்து மறுபடி முயன்று பார்க்கவும் என்பான். மறுபடியும் நின்றுவிட்டது, தயவுசெய்து நம்பவும் என்பேன். கப்பல்காரர் இடையில் புகுந்து, நாமெல்லாம் நல்ல காலத்தைப் பார்த்துவிட்டோம் என்று இரங்கல் செய்தி மாதிரி எழுதினார். புதன்கிழமை மாலை மச்சானின் கடிதம் ஒரே வரியில் இருந்தது: “எனக்கு இது புரியவில்லை.” அதில் ‘மதிப்புக்குரிய’ இல்லை. என் மனைவி செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

வியாழக்கிழமை காலை கடைக் கண்ணாடிக்கு வெளியே மச்சான் நின்றுகொண்டிருந்தான். தோளில் லேப்டாப் பை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஆபீசுக்குப் போட்டுப்போகும் சட்டை. என் கடைக் கதவில் சாம்பிளுக்காக ‘தள்ளவும்’, ‘இழுக்கவும்’ இரண்டையும் ஒட்டியிருப்பேன். அவன் இரண்டையும் நிதானமாகப் படித்தான். எது சரி என்று தெரியாமல் கையை நீட்டாமலே நின்றான். நான் மெஷினில் ஷீட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு அவன் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவிதான் போய்க் கதவைத் திறந்தாள்.

நேராக வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தான். “எந்தப் படம்?” என்றான். மானிட்டரைப் பார்த்துக் கேட்டான். நானும் மானிட்டரைப் பார்த்தே ‘பிரசவ அறை’ என்றேன். புதுப் பதிப்பைப் போட்டான். படத்தை இறக்கினான். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது முடிந்தது.

“சத்தம் வந்துடுச்சு. இப்ப நின்னுடும்” என்றேன்.

நின்றது. அவன் மானிட்டரை விட்டுவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தான். “என்ன சத்தம்?”

“கர்ருனு வந்துச்சே, டிஸ்க் சத்தம். உன்னோடதுல வராதா?”

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

“என்கிட்ட பெட்டி இல்ல, அத்தான். அது செத்து ரொம்ப வருஷம் ஆச்சு.”

எனக்கு விளங்கவில்லை. “அப்ப எதுல போட்டுப் பாக்கற?”

“லேப்டாப்புக்குள்ள பெட்டி மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். அதுல ஓட்டிப் பாத்துட்டு அனுப்பிடுவேன். அப்புறம் நீங்க எழுதற வரைக்கும் உக்காந்திருப்பேன்.”

“பெட்டியே இல்லாதவன் எதுக்குடா மாசாமாசம் இந்த வேலையெல்லாம் பண்ணிட்டிருக்க?”

“கடை இதுலதானே ஓடுது” என்றான்.

அவன் அதைப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து இறங்கியிருக்கிறது என்று சொன்ன அதே குரல்தான். வழக்கம்போல் கோபப்பட்டுவிடலாம் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை. மாதாமாதம் இவன் ராப்பகலாகத் தைத்து அனுப்பியதை நான் போட்டுப் பார்த்து, குற்றம் கண்டுபிடித்து, பராமரிப்பாளர் தூங்குகிறாரா என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அவன் ஒவ்வொன்றுக்கும் ‘தகவலுக்கு நன்றி’ என்று பதில் போட்டிருக்கிறான். என் மனைவியிடம், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். “நீங்க கேக்கல, நான் சொல்லல” என்றாள்.

அவன் அதற்குள் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் குனிந்திருந்தான். மறுபடி இறக்கினான். கர் என்றது. மறுபடி ஒன்று. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. படம் இறங்கி முடிந்ததும் பிரவுசர், இடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று டிஸ்க்கைக் கேட்கிறதாம். லேப்டாப்புக்குள் இருக்கும் போலிப் பெட்டி கேட்ட உடனே பதில் சொல்லிவிடும். நிஜப் பெட்டிக்கு வயதாகிவிட்டது, எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் பிரவுசர் பொறுமையில்லாமல் மறுபடி கேட்கிறது, மறுபடி கேட்கிறது, கேட்டுக் கேட்டே இரண்டும் மூச்சுத் திணறி விழுந்துவிடுகின்றன. எங்கள் குடும்பத்தில் இது பழக்கமில்லாத விஷயம் ஒன்றுமில்லை.

ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்கும்படி மாற்றினான். லேப்டாப்பில் அவன் தைத்து முடிக்கும் வரை என் மனைவி இரண்டு தடவை டீ கொடுத்தாள். அவன் இடது கையால் குடித்தான். மதியச் சாப்பாட்டை மூன்று பேரும் கட்டிங் மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து நான் கையும் கழுவினேன். பிறகு படத்தை இறக்கினோம். கோடு முடிந்தது. கர் என்றது. மௌஸ் நகர்ந்தது. ‘பிரசவ அறை’ திரையில் பளிச்சென்று வந்து நின்றது. இருக்கிற படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஆஸ்பத்திரி முழுவதும் வந்து சேர்ந்தது. பிறகு குழுவில் போய் என் வார்த்தையை எழுதினேன்.

எழுதி முடித்து நான் எழுந்து வருவதற்குள் கப்பல்காரர் போட்டுவிட்டார். பல் டாக்டர் போட்டார். வாய் திறக்காதவர்கள் வாய் திறக்காமலே போட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்து தாய்வீட்டிலிருந்து கடிதம் வந்தது. இதுவரை காணாத ஒரு கூட்டம் ஒரே நாளில் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லையாம். கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. நிற்பவர்களையும் சேர்த்தால் ஒரு டவுன் பஸ் நிரம்பும். இருந்தாலும், ஆள் இருக்கும் வீட்டை இடிக்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றும், மூலை அப்படியே இருக்கட்டும் என்றும், அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். மச்சான் குழுவில் அதைப் போட்டு, ஸ்டிக்கர்கடைக்கு நன்றி என்று எழுதியிருந்தான்.

சாம்பல் பெட்டிக்காரர்கள் எல்லாரிடமும் உதிரி பாகத்துக்கென்று இன்னொரு பெட்டி இருக்கும். என்னுடையது ஸ்டோர் ரூமில், பழைய ஷீட் சுருள்களுக்கு அடியில் கிடந்தது. இது நின்றுவிட்டால் அதிலிருந்து பிடுங்கி மாட்டலாம் என்று பூட்டிவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதை வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டாள்.

மச்சான் வீட்டு வாசலில் மூன்று படி. பெட்டி நல்ல கனம். பெயரை மாற்றி வைத்துக்கொள்வதாக அங்கே நின்று சொன்னது ஞாபகம் வந்தது. எங்கள் பிரவுசரே இத்தனை நாள் மாற்றுப் பெயரில் போய்வந்து பிழைத்திருக்கிறது, நான் பிழைக்க மாட்டேனா. ஏறினேன். கதவுக்கு மேலே என் போர்டு மாட்டியிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கடைசி எழுத்து தெரியும். தெரிந்தால் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டிவரும்.

அவன் என்னைப் பார்த்தான், கையில் இருந்ததைப் பார்த்தான், மேஜையில் இருந்ததையெல்லாம் கட்டிலில் தள்ளி இடம் செய்தான். சின்ன அறை. ஜன்னலோரத்தில் மேஜை, லேப்டாப், செத்த பெட்டியின் பழைய மானிட்டர், ஒரு நாற்காலி. நான் பெட்டியை வைத்து வயர்களை மாட்டினேன். புதுப் பதிப்பை ஏற்றினேன். நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவன் கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொண்டான். ஒரு படத்தை இறக்கினேன். கோடு மெதுவாக ஓடி முடிந்தது. பல நாள் பூட்டிக்கிடந்த டிஸ்க் கொஞ்சம் யோசித்துவிட்டு, கர் என்றது.

திரும்பிப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாதாமாதம் ஒவ்வொரு பதிப்பையும் அனுப்பிவிட்டு, இந்த அறையில், இதே கட்டிலில் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பான்.

“ஓடுது” என்றேன்.